கத்திரி வெயிலில் கல்யாணத்துக்கு உடுத்துவது

சித்திரையிலும் வைகாசியிலும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் முகூர்த்தத்துக்குப் பஞ்சமே இருக்காது. சம்பா அறுத்து நெல் போட்ட பணம் கைக்கு வந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். சென்னை, பெங்களூரு, துபாய் என்று பிரிந்து கிடக்கும் சொந்தமெல்லாம் லீவு போட்டுக்கொண்டு வந்து சேரும். அதே நேரம் பார்த்துத்தான் கத்திரியும் வரும். மே 4ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை நின்று எரிக்கும். 38, 39 டிகிரி என்றால் அந்த நாட்களில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகவேண்டும் என்பதால் காவிரியில் மணல்தான் தெரியும். காற்றில் மட்டும் ஈரப்பசை குறையாது. இந்தப் புழுக்கத்தில், நூற்றுக்கணக்கான பேர் கூடிய மண்டபத்தில், ஓமப் புகைக்கு நடுவே, பட்டு உடுத்தி நான்கைந்து மணி நேரம் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்.

இருக்க முடியும். நம் பக்கத்து உடைகள் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை. பின்னாளில் வந்து அவற்றோடு ஒட்டிக்கொண்ட பாலியஸ்டர் லைனிங், கோட்டு, இறுக்கிப் பிடிக்கும் தையல் ஆகியவைதான் நம்மை வாட்டுகின்றன. அவற்றை விலக்கிவிட்டு, ஒரு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டு வந்தால், முகூர்த்தத்தன்று காலையில் உடுத்துவது அரை மணி நேர வேலை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எவ்வளவு வியர்க்கப்போகிறது என்பதில் பாதி, ஜவுளிக்கடையிலும் தையல்காரரிடத்திலுமே முடிவாகிவிடுகிறது.

வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் அது சுலபமாக ஆவியாகாது. அதனால் துணி இரண்டு வேலை செய்ய வேண்டும்: ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், காற்றை உள்ளே விட வேண்டும். சாதாரண நிலையில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்தி எட்டு சதவீதம் அளவுக்கு வாங்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. கத்திரியில் பட்டா என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நல்ல பட்டு வெயிலுக்கு விரோதி இல்லை. பட்டு என்ற பெயரில் விற்கப்படும் செயற்கை நூலும், பட்டின் மேல் பாரம் பாரமாக ஏற்றப்படும் சரிகையும்தான் உடம்பை அவிக்கின்றன.

துணி எடுப்பது

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் திருபுவனம் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிறார்கள். அங்குள்ள பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955இல் தொடங்கியது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சேலையை விசிறி மாதிரி மடித்துத் தருவது அந்த ஊர் வழக்கம். விசிறி மடிப்புப் பிரிந்து விழும் அழகைப் பார்த்தாலே வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சேலையைக் கையில் வாங்கி எடை பாருங்கள். உடம்பெல்லாம் சரிகைப் புட்டா, இரண்டு பக்கமும் ஒரு சாண் கரை, முழுச் சரிகைத் தலைப்பு என்றால் அது வெள்ளிக்கம்பி ஏற்றிய போர்வைதான். சரிகை நெருங்கிய இடத்தில் காற்று போகாது. வெயில் காலக் கல்யாணத்துக்கு உடல் வெறுமையாகவோ சிறு கட்டமாகவோ இருந்து, கரை நாலு விரலுக்குள் அடங்கி, அழகெல்லாம் தலைப்பில் சேர்ந்திருக்கும் சேலையாகப் பாருங்கள். நின்றால் கம்பீரம் குறையாது. இடுப்பிலும் வயிற்றிலும் மெல்லிய பட்டு மட்டுமே படும். மணப்பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது போதும் என்பது என் கருத்து. மணப்பெண்ணுக்கும் போதும் என்றே சொல்வேன், வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால்.

இன்னொரு நல்ல வழி, மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டின் பழைய பாணி. கொரநாட்டுச் சேலை என்று கடைகளில் சொல்வார்கள். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்வது அது. விழாவுக்குரிய மினுமினுப்பைப் பட்டு தருகிறது, வியர்வையைப் பருத்தி ஏற்றுக்கொள்கிறது. பகல் முழுவதும் ஓடியாடி வேலை பார்க்கப்போகும் அத்தை, சித்தி, பெரியம்மாக்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரியவில்லை. வயதான பாட்டிகளுக்கோ கஞ்சி போட்ட காஞ்சிப் பருத்தியும் சுங்குடியுமே முழு மரியாதையான உடை. அவர்களைப் பட்டுக்குள் திணிக்க வேண்டாம்.

பட்டுதானா என்று தெரிந்துகொள்ள, மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரையைக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய சேலையில் சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு இழை உருவி நெருப்பில் காட்டலாம். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணி போலக் கெட்டியாகிவிடும்.

நிறத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வெளிர் நீலம், சாம்பல், இளம் ரோஜா ஆகியவற்றில் அக்குள் ஈரம் வட்டமாகத் தெரியும். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் வியர்வையைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆண்களுக்கு வெள்ளைதான் நல்லது, அதில் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. சந்தன நிறச் சட்டை எடுக்கும்போது மட்டும் உள்லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பட்டுச் சட்டை என்று தொங்குவதில் பல செயற்கை இழைதான்.

தையல்காரரிடம்

பட்டுச் சேலையில் வருகிற ஜாக்கெட் துண்டு நல்ல பட்டாகவே இருக்கும். தையல்காரர் அதற்குக் கொடுக்கும் லைனிங்தான் வில்லன். கடையில் இருக்கும் லைனிங் துணியில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். சாயம் பொருந்துகிறது, சுருங்காது, விலையும் குறைவு என்பதால் அதைப் போட்டுவிடுவார்கள். முதுகோடும் அக்குளோடும் ஒட்டி இருக்கப்போவது அந்த லைனிங்தான், பட்டு அல்ல.

ஆகவே லைனிங் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சுத்தப் பருத்தி, மெல்லிய மல் துணி. ஒரு மீட்டர் போதும். வாங்கி வந்ததும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் முதல் தடவை துவைத்ததும் லைனிங் சுருங்கி, மேலே உள்ள பட்டு பை மாதிரி தொங்கும். தையல்காரரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: அக்குளில் அரை அங்குலம் தளர்வு, கை நீளம் முழங்கைக்கு மேல், அக்குளுக்கு உள்பக்கம் கழற்றி மாட்டும்படி இரண்டு பருத்திப் பட்டை. அந்தப் பட்டை பிறை வடிவில், உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். அதை நாலு தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம், கல்யாணம் முடிந்ததும் பிரித்துத் துவைத்துவிடலாம். வியர்வை உப்பு பட்டுத் துணியை அரிக்கும், சாயத்தை இறக்கும். விலை உயர்ந்த ஜாக்கெட்டுகள் முதலில் கிழிவது அக்குளில்தான் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்.

கழுத்தை முதுகுப் பக்கம் தாழ்த்தித் தைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைக் குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும். இந்த ஊர் வெயிலுக்கு அது நல்ல ஏற்பாடு. முதுகில் காற்றுப் படும் இடம் எவ்வளவோ அவ்வளவு லாபம்.

உள்பாவாடை பருத்தியில்தான் இருக்க வேண்டும். சாட்டின் பாவாடை கட்டினால் சேலை வழுக்கிக்கொண்டு அழகாக விழும் என்பார்கள், காலோடு ஒட்டிக்கொண்டு நடக்கவிடாது என்பதைச் சொல்லமாட்டார்கள். நாடா வைக்கும் பட்டி அகலமாக இருக்கட்டும். குறுகிய நாடாவை இறுக்கிக் கட்டி, அதில் வியர்வை தேங்கி, இடுப்பைச் சுற்றிக் கறுத்துப்போன தடத்தோடு எத்தனையோ பெண்கள் காலம் தள்ளுகிறார்கள். பட்டி ஒன்றரை அங்குலம் இருந்தால் இறுக்கம் பரவிவிடும்.

குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போதும் இதே லைனிங் விதிதான். ரெடிமேடு பாவாடையில் உள்ளே விறைப்பான வலைத்துணி வைத்திருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அரை மணி நேரத்தில் குழந்தைக்கு இடுப்பெல்லாம் வேர்க்குரு வந்துவிடும்.

வேட்டிக்குக் கஞ்சி

ஆண்களின் உடையில் இதுதான் முக்கியமான கட்டம், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்கிய வேட்டியை உறையிலிருந்து எடுத்து அப்படியே கட்டிக்கொண்டு வந்து, அட்டை மாதிரி நிற்கிறது, உள்ளே வேகிறது என்று புலம்புகிறார்கள். புது வேட்டியில் தறியிலும் மில்லிலும் ஏற்றிய பசை இருக்கும். அது இழைகளுக்கு நடுவே உள்ள துளைகளை அடைத்து நிற்கிறது, தண்ணீரையும் உறிஞ்சவிடாது. அதனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வேட்டியை ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சோப்புப் போட்டு அலசி, திரும்பவும் அலசிக் காயப்போடுங்கள். இரண்டாம் முறை அலசியபின் தண்ணீர் வழவழக்காமல் இருந்தால் பசை போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு நம் கஞ்சி. நெல்லு விளையும் ஊரில் இதற்குக் கடையில் பவுடர் வாங்க வேண்டியதில்லை. புழுங்கலரிசி சோறு வடித்த கஞ்சி, அன்றன்றைக்கு வடித்தது. புளித்தது கூடாது, புளித்த கஞ்சி போட்ட துணியில் வியர்வை பட்டதும் வாடை கிளம்பும். ஒரு டம்ளர் வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு பருக்கை தப்பினாலும் இஸ்திரியில் பழுப்புப் புள்ளியாகிவிடும். அதை அரை வாளித் தண்ணீரில் கலக்க வேண்டும். வெள்ளை வேண்டுமென்றால் இரண்டு சொட்டு நீலத்தை ஒரு குவளைத் தண்ணீரில் தனியாகக் கரைத்து அப்புறம் சேருங்கள். நேராக வாளியில் விட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பாருங்கள். லேசாக வழவழக்க வேண்டும், ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர். வேட்டியை முழுக்க அமுக்கி, பிழியாமல் வடியவிட்டு, நீளவாக்கில் உதறிக் கொடியில் போடுங்கள்.

சட்டைக்குக் கழுத்துப்பட்டியிலும் பொத்தான் பட்டையிலும் மட்டும் கஞ்சி தொட்டால் போதும். முதுகுக்கும் கைக்கும் வேண்டாம், அங்கேதான் காற்று போக வேண்டும். வேட்டி முக்கால் உலர்ந்ததும் எடுத்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்து, ஈரம் ஒரே சீராகப் பரவியபின் இஸ்திரி போட்டால் கரை நெளியாது. இப்படிப் போட்ட வேட்டி மடமடக்காது, மடிப்பு நிற்கும், நடக்கும்போது காலைச் சுற்றிக் காற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எட்டு முழமா நாலு முழமா என்று கேட்பார்கள். முகூர்த்தத்துக்கு எட்டு முழம். இரண்டாக மடித்துக் கட்டுவதால் மரியாதையாக விழும், உள்ளாடையும் தெரியாது. துணி மெல்லியதாக இருந்தால் இரட்டை மடிப்பிலும் புழுக்கம் இருக்காது. மணமகனுக்கும் உடன் உட்காரும் தகப்பனார்களுக்கும் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். ஓமத்துக்கு முன் உட்காருகிறவர் சட்டையில்லாமல் அங்கவஸ்திரத்தோடு உட்காரும் வழக்கம் உள்ள குடும்பங்கள், புகைப்படத்துக்காக அதை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தீயின் எதிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவருக்கு அதுதான் தகுந்த உடை.

கோட்டு வேண்டாம்

முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை நாதஸ்வரமும் தவிலும் முன்னே போக, பூ அலங்காரக் காரில் மாப்பிள்ளை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வருவார். அப்புறம் வரவேற்பில் மேடையில் மூன்று மணி நேரம், விளக்கு வெளிச்சத்தில். கோட்டின் உள்லைனிங் பாலியஸ்டர், சட்டை கலப்புத் துணி, கழுத்து டையால் மூடப்பட்டிருக்கிறது. ஆவி வெளியே போக ஒரு வழியும் இல்லை. முகத்தை ஒற்றி ஒற்றிக் கைக்குட்டை நனைகிறது. புகைப்படக்காரர் பவுடர் போடச் சொல்கிறார்.

பெரிய இடத்து மரியாதைக்குக் கோட்டு வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர்களின் கிளப்புகள் நமக்கு விட்டுப்போனது. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விட மறுத்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. அந்த ஆகஸ்டிலேயே சட்டமன்றம் சட்டம் இயற்றியது: கிளப், அரங்கு முதலிய பொது இடங்களில் வேட்டிக்காக யாரையும் தடுக்கக் கூடாது, மீறினால் உரிமம் ரத்து, அபராதம், சிறை. கிளப்புக்கே வேட்டி போதும் என்று சட்டம் சொல்லியிருக்கும்போது, நம் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு ஏன் போதாது? நம்மைப்போலவே புழுங்கும் பிலிப்பைன்ஸில் அன்னாசி இலை நாரில் நெய்த பாரோங் என்ற மெல்லிய சட்டையைக் கல்யாணத்துக்கும் அரசு விழாவுக்கும் அணிகிறார்கள். உள்ளே ஒரு பனியன், சட்டை பேண்டுக்கு வெளியே தொங்கும், டை கிடையாது. அவர்களுக்கு அதுதான் முழு மரியாதை உடை.

மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையும் வரவேற்புக்கும் பொருந்தும். கோட்டுதான் என்று அடம்பிடித்தால், லினன் அல்லது பருத்தியில், முதுகுக்கு லைனிங் இல்லாமல் தைக்கச் சொல்லுங்கள். அப்படித் தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் நாள் ராத்திரி

சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து விடியலில் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இறங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் பட்டுச் சேலையைப் பெட்டியில் மடித்து வைக்காமல், பழைய பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி எடுத்து வரட்டும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பருத்தி உடைதான். பட்டைக் கட்டிக்கொண்டு பயணம் செய்தால் மண்டபத்துக்குள் நுழையும்போதே அது நனைந்திருக்கும்.

இப்போது ஊரூராகச் சேலைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து இஸ்திரி போட்டுத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். கொசுவத்தையும் முந்தானையையும் அளவெடுத்து, கிளிப் போட்டு, பெட்டி மாதிரி மடித்துக் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஐந்து நிமிஷத்தில் கட்டி முடிக்கலாம். வெயில் காலத்தில் இது வீண் செலவே இல்லை. சேலை கட்டும் இருபது நிமிஷப் போராட்டத்தில் வரும் வியர்வைதான் நாள் முழுக்க உடம்பில் நிற்கும்.

மல்லிகையை மாலையிலேயே மொக்காக வாங்குங்கள். வாழைநாரில் நெருக்கிக் கட்டியது, மொக்கின் நுனி பச்சை மாறி வெளுத்திருக்க வேண்டும். வாழை இலையில் பொதிந்து குளிர்ந்த இடத்தில் வைத்தால் முகூர்த்த நேரத்துக்குச் சரியாக மலரும். தஞ்சாவூர்க் கதம்பம் வைப்பதென்றால் அதில் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் இருப்பதால் வெயிலுக்கு வாடினாலும் நிறமும் வாசமும் நிற்கும். கொண்டையை உயர்த்திப் போட்டுப் பூச்சுற்றினால் பிடரி திறந்திருக்கும்.

காலையில்

முகூர்த்தம் ஏழரை ஒன்பது என்றால் ஐந்தரைக்குக் குளித்துவிட வேண்டும். வெந்நீர் வேண்டாம். குளித்ததும் உடுத்தத் தொடங்காதீர்கள். உடம்பைத் துவட்டி, பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் உட்காருங்கள், ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். தோல் முழுக்க உலர்ந்தபிறகுதான் பவுடர். ஈரத்தின் மேல் போட்ட பவுடர் சேறாகி மடிப்புகளில் தங்கும். அக்குளுக்குப் பூசுவது எதுவானாலும் காய்ந்தபிறகே ஜாக்கெட். சென்ட்டைத் துணியில் அடிக்க வேண்டாம். மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னும் தொட்டால் போதும், சரிகையில் பட்டால் அந்த இடம் கறுக்கும்.

பெண்கள்: பாவாடையைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, மூச்சை இழுத்துவிட்டு நாடா கட்டுங்கள், மூச்சை அடக்கிக்கொண்டு கட்டினால் சாப்பிட உட்காரும்போது அறுக்கும். வலது இடுப்பில் தொடங்கி ஒரு சுற்று. அப்புறம் முந்தானையை முதலில் முடித்துவிட வேண்டும். முந்தானையைக் குறுகலாக, நாலு விரல் அகலத்தில் மடித்துத் தோளில் குத்தினால் பட்டு ஒரே பட்டையாக விழும்; முதுகும் இடது கையும் காற்றுக்குத் திறந்திருக்கும். ஊக்குக்கு அடியில் சின்னத் துணித் துண்டு ஒன்றை வைத்துக் குத்துங்கள், பட்டு கிழியாது. பிறகு இடையில் மிஞ்சியதைக் கொசுவமாக எடுத்து, ஐந்தாறு மடிப்பு, தொப்புளுக்கு இடப்பக்கமாகச் செருக வேண்டும். கொசுவம் கணுக்காலைத் தாண்டித் தரையைத் துடைக்கக் கூடாது. ஒரு விரல் உயரம் இருந்தால் கீழிருந்து காற்று ஏறும். மடிசார் கட்டுகிற குடும்பங்களில் ஒன்பது கெஜம் என்பதால் துணி அதிகம், ஆனாலும் கால் இரண்டும் பிரிந்திருப்பதால் தொடை உரசாது. கட்டத் தெரிந்த மாமி ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள்: மெல்லிய, கை வைத்த பருத்திப் பனியன். அக்குள் ஈரத்தை அது வாங்கிக்கொண்டால் சட்டையில் தெரியாது. வேட்டியை முதுகுப் பக்கமாகப் பிடித்து, இரண்டு முனையும் சமமாக வருகிறதா என்று பார்த்து, உள்முனையை எதிர் இடுப்புக்குக் கொண்டுபோய்ச் செருகுங்கள். வெளிமுனையை இழுத்துக் கரை நேராகப் பாதம் நோக்கி விழும்படி மறுபக்கம் செருகி, மேல் விளிம்பை இரண்டு சுருட்டு சுருட்டி இறக்குங்கள். கரை பாதத்தின் மேல்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். நம்பிக்கை போதாவிட்டால் துணி பெல்ட் போட்டுக்கொள்ளலாம். ரெக்ஸின் பெல்ட் வேண்டாம், அதன் அடியில் வியர்வை ஓடும். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி புதிதாகக் கட்டும் பிள்ளைகளுக்கு நல்லது.

வேட்டியின் பெரிய வசதி கட்டியபிறகுதான் தெரியும். மண்டபத்துக்கு வெளியே, பந்தல் காலடியில், சமையல்கட்டுப் பக்கம் வேலையாய் அலையும்போது மடித்துக் கட்டிக்கொள்ளலாம்; முழங்கால் வரை காற்று. பெரியவர் ஒருவர் எதிரில் வந்தாலோ, சம்பந்தி வீட்டார் கூப்பிட்டாலோ, மேடை ஏறினாலோ, கைபட்டதும் இறங்கிவிடும். ஒரே துணி, ஒரு நொடியில் வேலை உடையிலிருந்து சபை உடையாகிறது. உலகத்தில் வேறு எந்தச் சபை உடைக்கும் இந்தச் சௌகரியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நகையைக் கிளம்பும்போது கடைசியாகப் போடுங்கள். தங்கமில்லாத கவரிங் நகை வியர்வையில் கழுத்தை அரித்தால், அடியில் சந்தனம் தடவிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பாட்டிமார்களின் பழக்கம். நல்ல தோல் செருப்பு போதும். வாசலில் எப்படியும் கழற்றத்தான் போகிறோம்.

மண்டபத்தில்

வாசலில் பன்னீர் தெளிப்பார்கள். பட்டின் மேல் விழுந்த பன்னீர் வட்டமாகக் கறை காட்டும். ஆகவே செம்பு தூக்கப்பட்டதும் கையை நீட்டி உள்ளங்கையில் வாங்கி முகத்திலும் கழுத்திலும் ஒற்றிக்கொள்ளுங்கள். சந்தனத்தைத் தொண்டைக்குழியில் வையுங்கள், சட்டைக் கழுத்துப்பட்டியில் படாது. உட்காரும் இடத்தை ஓமகுண்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, விசிறிக்கு நேராகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும்போது வெள்ளை வேட்டிகள் மஞ்சளாகும். அதை அப்போது தேய்க்காதீர்கள், உதறினால் போதும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டால் மஞ்சள் கறை சிவப்பாகிவிடும். காரம் பட்டால் மஞ்சளின் சாயம் அப்படித்தான் மாறும். முதலில் வெறும் தண்ணீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது, வெளுத்துவிடும். அதன்பிறகு சோப்பு. கத்திரி வெயில் செய்கிற ஒரே உபகாரம் இது.

பந்தியில் உட்காரும்போது சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், ரசம் இலையின் தாழ்ந்த பக்கமாகத்தான் ஓடிவரும். சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகளைப் பட்டிலிருந்து விடுவித்துப் பருத்திக் கவுனோ டிராயரோ மாட்டிவிடுங்கள். முகூர்த்தம் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று. மிச்ச நேரம் அவர்கள் விளையாடட்டும்.

திரும்பி வந்தபின்

களைப்பில் எல்லோரும் சேலையைச் சுருட்டி நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த ஒரு ராத்திரியில் பட்டுக்கு வரும் கேடு பத்துக் கல்யாணத்துக்குச் சமம். அவிழ்த்ததும் உள்பக்கம் வெளியே தெரியும்படி கொடியில் நீளமாகப் போட்டு, விசிறிக் காற்றில், வெயில் படாமல், விடியும்வரை உலரவிடுங்கள். வியர்வை பட்ட இடத்தை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். ஜாக்கெட்டின் அக்குள் பட்டையை அன்றைக்கே பிரித்துத் துவைத்துவிடுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

காய்ந்த சேலையைப் பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து வையுங்கள்; பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைந்து சரிகை கறுக்கும். ரசகற்பூர உருண்டை சரிகையைத் தொடாமல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்து, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வைத்தால் மடிப்பில் கிழியாது. வைகாசியில் கட்டிய சேலை ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் வரும்போது திரும்பத் தேவைப்படும். அதற்கு முன் ஒரு தடவை பிரித்துக் காற்றாட விட்டுவிடுங்கள், ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.